'நானே பண்றேன்!': டே கேர் அறைக்குள் 2 வயதுக் குழந்தை என்னதான் கற்றுக்கொள்கிறது?

காலை 9 மணிக்கு திருச்சி தில்லைநகரில் ஏதாவது ஒரு டே கேர் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்து காவிரிப் பாலம் தாண்டி வந்த ஸ்கூட்டர் ஒன்று நிற்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குழந்தையை இறக்கி, ஷூவைக் கழற்றி, பையைத் தோளில் மாட்டி, உள்ளே அனுப்பிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே கிளம்புவார் அப்பா. மொத்தமும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் குழந்தை தன் ஷூவின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கும். "நானே!"

பெரும்பாலும் அது யார் காதிலும் விழாது. விழுந்தாலும் "லேட் ஆச்சுடா கண்ணா, நாளைக்கு நீ பண்ணு" என்று பதில் வரும். நாளைக்கும் லேட்தான் ஆகும்.

ஒன்றரை வயதில் இருந்து மூன்று வயது வரை குழந்தையின் பெரிய வேலையே இந்த 'நானே'தான் என்கிறது குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வு. வீட்டில் ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காத அந்த வேலைக்கு, நல்ல டே கேர் அறையில் கால் மணி நேரம் ஒதுக்குகிறார்கள். மாதாமாதம் ஃபீஸ் கட்டும் பல பெற்றோருக்கு, அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம் என்பது தெரிவதில்லை. "இன்னும் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக் குடுக்கலையே" என்ற கவலைதான் முன்னால் நிற்கிறது. அப்படி அங்கே என்னதான் நடக்கிறது?

அடம் என்று நாம் சொல்வது

இந்த வயதுக்கு எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950-ல் ஒரு பெயர் வைத்தார். ஒரு பக்கம் தன்னாட்சி, இன்னொரு பக்கம் வெட்கமும் சந்தேகமும். இரண்டுக்கும் நடுவில் குழந்தை ஆடிக்கொண்டிருக்கிறது என்றார். தானாகச் செய்து பார்க்க விட்டால், 'என்னால் முடியும்' என்ற பக்கம் சாயும். ஒவ்வொரு முறையும் பிடுங்கி நாமே செய்துவிட்டாலோ, சிந்தியதற்குத் திட்டினாலோ, 'என்னால் முடியாதோ' என்ற பக்கம் சாயும். (அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தை வைத்து காந்தியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியவரும் இதே எரிக்சன்தான். நம் ஊர் அவருக்குப் புதிதில்லை.)

உடம்பும் அதே நேரத்தில் தயாராகிறது. நடை உறுதியாகிவிட்டது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒற்றைப் பருக்கையைக்கூட எடுக்கும். இரண்டு வயதை ஒட்டி இரண்டு சொற்களைச் சேர்த்து "அம்மா வா", "என் பந்து" என்று பேச வருகிறது. ஆனால் ஆசையை அடக்குவதற்கும், காத்திருப்பதற்கும், திட்டமிடுவதற்குமான மூளைப் பகுதி இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. செய்ய ஆசை இருக்கிறது, கை பாதி தூரம்தான் வருகிறது, முடியாதபோது வரும் கோபத்தைச் சொல்ல வார்த்தை போதவில்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதைத்தான் வீட்டில் 'அடம்' என்கிறோம். தரையில் புரண்டு அழும் 2 வயதுக் குழந்தை நம்மை மிரட்டவில்லை. அதற்கு அவ்வளவு திட்டம் போடத் தெரியாது.

மிஸ் ஏன் சும்மா உட்கார்ந்திருக்காங்க?

நல்ல டே கேர் அறையில் பெற்றோர் முதலில் பார்க்கும் காட்சி இதுதான். குழந்தை டிஃபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மிஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கை நீளாது. "இவ்வளவு ஃபீஸ் வாங்கிட்டு மூடியைக்கூடத் திறந்து விட மாட்டாங்களா?" என்று தோன்றும்.

அந்தச் சும்மா உட்கார்வதற்குப் பயிற்சி வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுவது ஒரு வழி. முடியவில்லை என்று குழந்தை நிமிர்ந்து பார்த்தால் உதவி. அதுவும் முழு உதவி கிடையாது. மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாக நெம்பிவிட்டு மீதியைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். பேன்ட் போடுவதும் அப்படித்தான். முட்டி வரைக்கும் மிஸ் ஏற்றுவார், அங்கிருந்து இடுப்பு வரை குழந்தை இழுக்கும். கடைசிப் படியைக் குழந்தைக்கு விட்டுவைப்பது இதில் உள்ள சூட்சுமம். முடித்த திருப்தி குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது. அடுத்த வாரம் கணுக்காலில் இருந்து, அதற்கடுத்த வாரம் கால் நுழைப்பதில் இருந்து என்று குழந்தையின் பங்கு பின்னோக்கி வளரும்.

மீதி வேலையை அறையே செய்துவிடும். பை மாட்டும் கொக்கி குழந்தையின் தோள் உயரத்தில் இருக்கும். பொம்மைகள் கூடையில் குவிந்து கிடக்காது. தாழ்வான அலமாரியில் தட்டுக்கு ஒன்றாக, தினமும் ஒரே இடத்தில் இருக்கும். கை கழுவும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டூல். சிந்தினால் துடைக்க, எட்டுகிற இடத்தில் ஒரு துணி. பெரியவர்களைக் கேட்காமலே எடுக்கலாம், வைக்கலாம், துடைக்கலாம் என்றால் 'நானே' என்று கத்த வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

பேசும் விதத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. "பால் குடிக்கிறியா?" என்று கேட்டால் 2 வயதின் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான், "வேணாம்". "சிவப்பு டம்ளரா, நீல டம்ளரா?" என்று கேட்டுப் பாருங்கள். பால் குடிப்பது முடிவாகிவிட்டது, எதில் குடிப்பது என்பது குழந்தையின் உரிமை. ஆனால் இதில் ஒரு நேர்மை வேண்டும். நிஜமாகவே இரண்டில் எதை எடுத்தாலும் நமக்குச் சம்மதம் என்றால் மட்டும்தான் கேட்க வேண்டும். "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டு, "வேணாம்" என்றதும் தூக்கிக்கொண்டு போனால், அது கேள்வியே இல்லை.

பாட்டி ஊட்டுவது தப்பா?

ஸ்ரீரங்கத்தில் இந்த விவாதம் நடக்காத வீடு குறைவு. மகனோ மகளோ திருச்சியில் வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை, பகலில் பாதி நேரம் டே கேர், மீதி நேரம் தாத்தா பாட்டி. டே கேரில் தானாக இட்லி சாப்பிடும் குழந்தை, வீட்டுக்கு வந்ததும் வாயை மட்டும் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடும். "அங்க பாதிதான் வயித்துக்குப் போறது, பாதி தரையில. நான் ஊட்டினா முழுசா சாப்பிடறதே" என்பார் பாட்டி. அவர் சொல்வது கணக்குப்படி சரிதான்.

ஊட்டுவதே தப்பு என்று சொல்லும் வீடியோக்கள் இன்ஸ்டாகிராமில் நிறைய சுற்றுகின்றன. அவற்றை எடுத்த எடுப்பில் நம்பத் தேவையில்லை. நிலாவைக் காட்டி உருண்டை பிடித்துக் கொடுப்பது உறவை வளர்க்கும் நேரம். அதை வெளிநாட்டுப் புத்தகத்தை வைத்து ரத்து செய்வது அபத்தம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை வாயை மூடிக்கொண்ட பிறகும் ஊட்டுவது, கையில் போனைக் கொடுத்துவிட்டு அது கவனிக்காத நேரத்தில் அடைப்பது, இரண்டும்தான் சிக்கல். பசிக்கிறது, போதும் என்ற இரண்டு செய்திகளையும் உடம்பு சொல்கிறது. அதைக் கேட்டுப் பழகும் வயது இது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் குழந்தையின் பசி சைகைகளைப் பார்த்து, அவசரப்படுத்தாமல், கட்டாயப்படுத்தாமல் உணவு கொடுக்கத்தான் சொல்கிறது.

நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. ஸ்பூனைத் திருப்பாமல் வாய்க்குக் கொண்டுபோவது 2 வயதுக்குக் கஷ்டமான வேலை. கையால் இட்லியைப் பிய்ப்பது சுலபம். பிசைந்த தயிர் சாதத்தை எடுப்பது அடுத்த படி. ரசம் சாதம்தான் கடைசி. டே கேரில் அனுபவமுள்ளவர்கள் லஞ்ச் பாக்ஸுக்கு என்ன அனுப்பலாம் என்று சொல்லும்போது இந்த வரிசையில்தான் சொல்வார்கள். வீட்டில் ஒரு சமரசம் செய்துகொள்ளலாம். முதல் பத்து நிமிஷம் தட்டு குழந்தையிடம், கீழே ஒரு பழைய பெட்ஷீட். பிறகு பாட்டியின் கை. பாட்டியும் தோற்கவில்லை, குழந்தையும் தோற்கவில்லை.

தானாகச் செய்வது என்றால் தனியாக இருப்பதா?

'இண்டிபென்டன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் வரும் முதல் பயம் இதுதான். குழந்தையைத் தனி ரூமில் படுக்க வைக்கணுமா, யாரையும் சாராமல் வளர்க்கணுமா?

பார்பரா ரோகோஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் ரொம்ப உதவும். அமெரிக்கா, துருக்கி, குவாத்தமாலா, இந்தியா என்று நான்கு நாடுகளில், ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் ராஜஸ்தானில் ஒரு பழங்குடிக் கிராமம். சட்டை போடுவது, புதிதாக ஒரு விளையாட்டுப் பொருளைப் புரிந்துகொள்வது போன்ற சாதாரண வேலைகளில் தாயும் பிள்ளையும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அமெரிக்க, துருக்கிக் குடும்பங்களில் அம்மாக்கள் டீச்சர் மாதிரிப் பாடம் நடத்தும் போக்கு அதிகம். குவாத்தமாலாவிலும் இந்தியாவிலும் குழந்தை தானாக முயன்று பார்க்கும். பெரியவர் தன் வேலையைப் பார்த்தபடியே தேவைப்படும்போது கை கொடுப்பார். குழந்தைகளும் சுற்றி நடப்பதைக் கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இதைப் படித்தால் நம் பழைய வீடுகள் ஞாபகம் வரும். உரித்த பூண்டுப் பற்களைக் கிண்ணத்தில் போடுவது, வாசலில் கோலமாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, துவைத்த துணியில் தன் ஜட்டியைத் தேடி எடுத்து வருவது என்று குழந்தைக்கு அங்கே வேலை இருந்தது. அது தனியாக இருக்கவில்லை, கூட்டத்துக்குள் இருந்தபடியே தானாகச் செய்தது. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில், வேலைக்காரம்மா வந்து போகும் ஒரு மணி நேரத்தில் எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு மிச்சம் வைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் டே கேரில் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, வாழைப்பழம் உரிப்பது எல்லாம் 'ஆக்டிவிட்டி' என்ற பெயரில் திரும்பி வருகிறது.

குழந்தைக்கு அதில் ஆசை இருக்கிறதா? இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் கீழே தவறவிட்ட பொருளை எடுக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து, 18 மாதக் குழந்தைகள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். இந்த முறை 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவி செய்ததற்குப் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். பரிசு வாங்கிப் பழகியவர்கள் அதன் பிறகு உதவுவது குறைந்துவிட்டது. 'செருப்பை எடுத்து வெச்சா சாக்லேட்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசிக்கலாம்.

அடையாறில் இருந்து தொடங்கிய கதை

திருச்சியில் இன்று 'மாண்டிசோரி' என்று போர்டு மாட்டாத தெரு அபூர்வம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம் மாநிலத்தில் வருடக்கணக்காக வாழ்ந்தவர் என்பது அந்த போர்டுகளில் இருக்காது.

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்கான இடம் அது. அதாவது இன்றைய பேச்சில் ஒரு டே கேர். அங்கே நடந்ததாக அவரே எழுதிய ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் மூக்கு சிந்துவது எப்படி என்று பாடம் எடுத்தார். கைக்குட்டையைச் சத்தமில்லாமல், மற்றவர் கண்ணில் படாமல் பயன்படுத்திக் காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எப்போதும் திட்டு வாங்கியவர்களுக்கு, அதைச் சரிசெய்வது எப்படி என்று யாரும் அதுவரை மரியாதையாகச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

1939-ல், 69 வயதில், தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவி அருண்டேலும். அடையாறில் நடந்த முதல் பயிற்சிக்கு நாடு முழுவதும் இருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவரை உலகப் போர் நிறுத்திவைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாளுக்கு விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இரண்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்த ஒரு சிறு பள்ளி அங்கே நடந்தது.

இந்த இந்திய வருஷங்களில் அவருடைய கவனம் மூன்று வயதுக்குக் கீழே நகர்ந்தது. பிறந்த நாளில் இருந்தே குழந்தை சுற்றுப்புறத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று அகமதாபாத்தில் அவர் நடத்திய வகுப்புகள்தான் 'தி அப்சார்பென்ட் மைண்ட்' புத்தகம் ஆயின. 1949-ல் அது முதலில் அச்சானது அடையாறில். இன்று உலகம் முழுக்க டே கேர்காரர்கள் மேற்கோள் காட்டும் புத்தகம், சென்னையில் வெளியானது.

போர்டில் பெயர் இருப்பதாலேயே உள்ளே முறை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஷெல்ஃபில் பிங்க் டவர் இருந்தும் குழந்தை வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தால், அது ஷோ கேஸ்தான். இன்னொரு பக்கம், மாண்டிசோரி என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு அங்கன்வாடி ஆயாம்மா, மதியம் வேகவைத்த முட்டையைக் குழந்தையின் கையில் கொடுத்து "நீயே உரி கண்ணு" என்று சொன்னால், அதுதான் அந்த முறை.

அழுகையும் டயப்பரும்

தானாகச் செய்யும் தைரியம் எங்கிருந்து வருகிறது? அது நம்பிக்கையில் இருந்து வருவதாகச் சொன்னவர் மேரி ஐன்ஸ்வொர்த். உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தபோது, அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்ற நிச்சயம் உள்ள குழந்தைதான் அவரைவிட்டு நகர்ந்து போய்ச் சுற்றுமுற்றும் ஆராய்கிறது என்று கண்டார். நடுநடுவே திரும்பி வந்து மடியைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். ஒட்டிக்கொள்ளும் குழந்தை சுதந்திரம் இல்லாமல் வளரும் என்ற பயத்துக்கு இது நேர் எதிரானது.

டே கேரின் முதல் இரண்டு வாரம் இதனால்தான் முக்கியம். முதல் நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், அடுத்து அம்மா இல்லாமல் அரை மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். அங்கே ஒரு குறிப்பிட்ட மிஸ்ஸின் மடி குழந்தைக்குப் பழக வேண்டும். நம்மூரில் ஒரு தந்திரம் தலைமுறையாக உண்டு. "அதோ பார் காக்கா" என்று திருப்பிவிட்டு நழுவுவது. அந்த நேரத்துக்கு அழுகை மிச்சம்தான். ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த நாள் குழந்தை காக்காவைப் பார்க்காது, உங்கள் துப்பட்டாவை விடவே விடாது. "அம்மா ஆபீஸ் போயிட்டு, நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புவதே நல்லது. மணி தெரியாத குழந்தைக்கும் 'பால் குடிச்சதும்' தெரியும். சொன்னபடி வரவும் வேண்டும்.

டாய்லெட் பழக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும். ப்ரீ-கேஜி அட்மிஷன் நெருங்கும்போது, 'டயப்பர் விட்டாச்சா?' என்ற கேள்வியால் வீட்டில் திடீர் அவசரம் வரும். இரண்டு மணி நேரம்போல டயப்பர் ஈரமாகாமல் இருப்பது, வருகிறது என்று சொல்லவோ காட்டவோ தெரிவது, பேன்ட்டைத் தானாக இறக்க முடிவது, இவைதான் தயாரான அடையாளம். இவை வரும் வயது குழந்தைக்குக் குழந்தை மாறும். கடைசி அடையாளத்துக்குப் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பட்டன் வைத்த ஜீன்ஸை அலமாரியில் பூட்டிவிட்டு எலாஸ்டிக் டிராயர் வாங்குவது. விபத்து நடந்தால் மற்ற குழந்தைகள் முன்னால் "சீ" சொல்லும் இடமாக டே கேர் இருந்தால், உடனே பேச வேண்டும். எரிக்சன் சொன்ன 'வெட்கம்' சரியாக இங்கேதான் உட்கார்கிறது.

இதெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது?

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரே மூலப்பொருள்தான் வேண்டும்: அவசரப்படாத ஒரு பெரியவர். பத்து வரை எண்ணிக் காத்திருக்கும் மிஸ்ஸிடம் நான்கு குழந்தைகள் இருந்தால் அது சாத்தியம். இருபது இருந்தால்? ஒவ்வொருவரும் ஷூ போட மூன்று நிமிஷம் என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். அப்போது எவ்வளவு நல்ல மனசுக்காரரும் தானே மாட்டிவிட்டு நகர்வார். மத்திய அரசின் 2013 முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒருவர், மூன்றில் இருந்து ஆறு வரை 20 குழந்தைக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. 10 என்பதே அதிகம் என்பது என் கருத்து. அதுகூடப் பல இடங்களில் இல்லை.

அங்கன்வாடிகளின் நிலைமை இன்னும் சிக்கல். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இவற்றின் அடிப்படை. அதற்கு வழி போட்டது மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-ல் கொடுத்த அறிக்கை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயது முடிந்த குழந்தைகளும் இங்கே வருகிறார்கள். ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். உதவியாளர் சமையலில் இருப்பார். டீச்சர் பாடுவார், கதை சொல்வார், எடை பார்ப்பார், ஆப்பில் பதிவேற்றுவார், கர்ப்பிணிகளைப் பார்க்க வீட்டுக்கும் போவார். மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென்று 2024 மார்ச்சில் மத்திய அரசு 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. 36 மாதங்களுக்கு 140 செயல்பாடுகள் அதில் இருக்கின்றன. நல்ல விஷயம். அவற்றைச் செய்ய இன்னொரு ஜோடிக் கையையும் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜவுளிக்கடையில் நின்றபடி வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அங்கன்வாடி முழுத் தீர்வு கிடையாது. கடை ராத்திரி வரை, மையம் அதற்கு ரொம்ப முன்பே மூடிவிடும். நடுவில் உள்ள நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவோ, எட்டாவது படிக்கும் பெரிய பிள்ளையோதான் டே கேர்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்தே ஆக வேண்டும். பெண்கள் 50 பேர் என்று கணக்கு இல்லை, மொத்த ஊழியர்கள்தான் கணக்கு. தனியாகவோ, மற்ற நிறுவனங்களோடு சேர்ந்தோ வைக்கலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். வேலையில் சேரும்போதே இந்த வசதிகளை எழுத்தில் தெரிவிப்பதும் நிறுவனத்தின் கடமை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 50 பேர் விதி தொடர்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கையை வைத்துக் காப்பகம் என்ற விதி 1948-லேயே வந்துவிட்டது. கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கும் 1996 சட்டத்தில் தனி விதி வந்தது. ஐ.டி. பார்க்கில் வேலை பார்ப்பவராகவோ, பெரிய ஷோரூமில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால், ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கலாம். கேட்பவர் ஒருவராக இல்லாமல் பத்துப் பேராக இருந்தால் பதில் சீக்கிரம் வரும்.

போய்ப் பார்க்கும்போது

டே கேர் தேடுபவர்கள் சிசிடிவி இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருங்கள். விட மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்தான். தரையில் பருக்கை சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். 2 வயதுக் குழந்தைகள் சாப்பிட்ட இடம் பளபளவென்று இருந்தால், யாரோ ஊட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். துடைக்கும் துணி யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போன வருஷம் இந்த ரூம்ல இருந்த மிஸ்ஸேதான் இந்த வருஷமும் இருக்காங்களா?" சம்பளம் குறைவாக இருந்தால் மிஸ்கள் மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் குழந்தை மறுபடி முதலில் இருந்து ஒரு மடியைத் தேட வேண்டியிருக்கும். இந்தக் கேள்விக்குச் சில இடங்களில் சட்டென்று பதில் வரும், சில இடங்களில் பேச்சு புது ஸ்மார்ட் போர்டுக்கு மாறும்.